சட்டையில் ஒரு வட்ட ஜன்னல்

போதகர் மூன்றாவது முறை ஊற்றிய நீர் குழந்தையின் நெற்றியில் நிற்காமல் வழிந்து சட்டையை நனைத்தது. நனைந்த இடத்தில் ஒரு வட்ட ஜன்னல் தெரிந்தது.

ஓஸ்வால்ட் அதைப் பார்த்துவிட்டான்.

பெற்ற தகப்பன் அவன். கண்மூடி ஜெபிக்க வேண்டிய நேரத்தில் மகளின் சட்டையை வெறித்துக்கொண்டு நின்றான். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள். வட்டச் சட்டம், அதன் மேல் ஓர் ஆந்தை. இந்த ஆந்தையை அவன் முன்பே பார்த்திருக்கிறான்.

குழந்தையை ஏந்தியிருந்தவர் ஞானத்தகப்பன், நூர்மன் ஐயா. பெங்களூரில் ஓஸ்வால்ட் படம் வரையும் கட்டட ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர். வயது எழுபத்தாறு. ஸ்வீடன்காரப் பெற்றோருக்கு ருஷ்யாவில் பிறந்து, பீட்டர்ஸ்பர்க் நகரில் பதினோரு மாளிகைகள் எழுப்பியவர்.

புரட்சியில் எல்லாம் போயிற்று. ஸ்வீடனுக்கு ஓடினார், அங்கே வேலை இல்லை. மிஷன் ஆஸ்பத்திரி கட்டத் தரங்கம்பாடிப் பக்கம் வந்தார். கடைசியில் இங்கே, மகன் வயது முதலாளி போடும் பெரிய கையெழுத்துக்குக் கீழே, ‘வரைந்தவர்’ என்ற கட்டத்துக்குள் இரண்டு எழுத்தாகச் சுருங்கிப்போனார். தமிழைக் கொத்தனார்களிடம் கற்றவர். அவர் ‘ஆமென்’ சொன்னால்கூடச் சாரத்தின் மேலிருந்து செங்கல் கேட்பது போல இருக்கும்.

பதினொன்றில் அவருக்குப் பிடித்தது ஆந்தை வீடு. அவர் மனைவி கண்மூடிய வீடும் அதுதான். யுத்தத்தில் குண்டு விழுந்து ஒரு கல்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது, ட்ரேசிங் துணியில் அவர் வரைந்த ஒரே ஒரு படச்சுருள்.

அதை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போக ஸ்டாக்ஹோமிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. ஐயா முடி வெட்டிக்கொண்டார். போன வாரம் ஸ்வீடன் தபால்தலையோடு கவர் வந்தபோது, தேதி குறித்துவிட்டார்கள் என்று ஓஸ்வால்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐயா அதைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

ஐயாவின் அறை மழைக்கு ஒழுகும். அதனால் சுருள், ஜீவனஹள்ளியில் ஓஸ்வால்ட் வீட்டு அலமாரி மேல் பத்திரமாக இருந்தது.

பத்திரம்! ட்ரேசிங் துணி என்பது கஞ்சி ஏற்றிய அருமையான துணி. ரத்தான படங்களை ஆபீஸ்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கொதிக்கவைத்து அலசினால் கஞ்சியோடு மையும் போய், மல் துணி மாதிரி மிருதுவாகிவிடும். ஓஸ்வால்டின் கைக்குட்டைகள் எல்லாமே ஒரு காலத்தில் யாரோ கட்ட நினைத்த பங்களாக்கள்.

ஞானஸ்நானச் சட்டைக்கு ஞானத்தகப்பன்தான் துணி எடுக்க வேண்டும். பாவம், ஐயாவைச் சிரமப்படுத்தாதே, வீட்டில் இருப்பதை வைத்துத் தைத்துவிடு என்று மனைவி ஜூடித்திடம் சொன்னவன் ஓஸ்வால்ட்தான். இருந்ததை வைத்து அவள் தைத்துவிட்டாள்.

மனைவியைப் பார்த்தான். அவள் தலைகுனிந்து ஜெபத்தில் இருந்தாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு மனிதர் வாழ்ந்ததற்கு இருந்த ஒரே சாட்சியை அடுப்பில் ஏற்றி வேகவைத்தாயிற்று.

ஐயாவின் பார்வை ஈரச் சட்டைக்கு இறங்கியது. மை காய்ந்துவிட்டதா என்று ஆபீஸில் தொட்டுப் பார்ப்பது போல, கட்டைவிரலால் அந்த ஜன்னலை ஒருமுறை தொட்டார்.

“ஐயா, மன்னிச்சிடுங்க... ஜூடித் தெரியாம பண்ணிட்டா.”

ஐயா குழந்தையை அவன் கையில் கொடுத்தார். சாரத்துக் குரல் இல்லை. பக்கத்தில் நின்ற போதகருக்கே கேட்காத குரலில் சொன்னார்:

“அவ மேல தப்பில்ல, ஓஸ்வால்ட். அந்தக் கவர்ல எழுதியிருந்தாங்க, அங்கேருந்து யாரும் வரலையாம், அந்தப் படம் வேண்டாமாம். ஞானத்தகப்பன்தானே துணி எடுக்கணும்? நீ ஆபீஸ்ல இருந்தப்போ சுருளை எடுத்துட்டுப் போய், நானே அலசிக் கொண்டாந்து குடுத்தேன். மூணு தண்ணி மாத்திட்டேன்... இந்த ஜன்னல் மட்டும் போக மாட்டேங்குது.”