ஏழாம் மாத ஏற்றம்

குளச்சல் கடற்கரையிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மலையேறும் சாலையில் கிளாடிஸ் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு உணர்வதெல்லாம், இடுப்பில் கட்டிய மிஷின் வழியாக, சென்னையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வாடிக்கையாளர் வைதேகியின் உடம்புக்கும் போய்ச் சேரும். அதுதான் அவள் வேலை. இப்போது கிளாடிஸுக்கு ஏழாம் மாதம். ஏற்றத்தில்தான் வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறது என்று வைதேகி ஆசைப்பட்டுக் கேட்டதால், தினமும் இந்தப் பாதையையே கம்பெனி ஒதுக்கியது.

பாதி ஏற்றத்தில் காதுக்குள் வைதேகியின் குரல் கேட்டது.

“இன்னிக்கு உதையே வரலையே கிளாடிஸ். மிஷின்ல ஏதாவது கோளாறா?”

காலையிலிருந்து பிள்ளை உறங்குவதாகத்தான் கிளாடிஸ் நினைத்திருந்தாள். மிதிப்பதை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றினாள்.

“என் முட்டு வலி ஒங்களுக்கு வருதா மேடம்?”

“நல்லாவே வருதே.”

“அப்போ மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல.”