எமில்டா ரீச்சரின் இடம்

"பிள்ளை, எழும்பும். இது என்ர இடம்," என்றார் எமில்டா ரீச்சர்.

மாதா கோயில் வாங்குப் பலகையில் இருந்த பெண் கைக்குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "தெரியாது அன்ரி. மூதூரிலயிருந்து இப்பதான் பஸ்ஸில வந்தனான். கொஞ்சம் தள்ளி அரக்கி இருக்கிறன்."

"அரக்கினாக் காணாது. இருபத்திரண்டு வருசமாய் இந்த மூலையில நான்தான். ஃபாதரைக் கேட்டுப் பாரும்."

பூசை மணி அடிக்கப்போகும் நேரம். நாலு பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் இடம் போய்விடும் என்று ரீச்சர் வாங்கின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

"முன்வாங்கு வெறுமையாத்தானே கிடக்கு. அங்க போய் இரும்."

"நீங்கள் அங்க இருக்கலாமே, அன்ரி?"

"முன்னுக்கு இருக்கிறது பெருமை பிடிச்ச ஆக்கள். நான் பாவி எண்டு தெரிஞ்சுதான் இந்தக் கடைசி வாங்கில இருக்கிறனான்."

அந்தப் பெண் எழும்பிப் போய், வாசற்படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் பிள்ளையோடு குந்திக்கொண்டாள்.

ரீச்சர் தன் மூலையில் முழங்காலிட்டார். செபம் ஓடவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாக, அவருக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தாள்.