மாறாத முகவரி

மீனவர் சங்கம் கலைக்கப்பட்டதும் அதன் இணைய முகவரியை, அதை வழங்கிய பதிவகம் திருப்பிக் கேட்டது. இணைப்பு தரும் நிறுவனம் எத்தனை முறை மாறினாலும் மாறாத முகவரி அது. படகுகளில் இருந்த, ஆபத்தில் உதவி கேட்டு அழைக்கும் கருவிகளுக்கு அந்த ஒரு முகவரிதான் தெரியும்.

"ஒரு படகு இன்னும் கரைக்கு வரல சார்," என்றாள், சங்கச் செயலாளராக இருந்த அமலோற்பவம்.

"சங்கமே இல்லையேம்மா. முகவரிக்கு வேற ஆளுங்க காத்திருக்காங்க," என்றார் பதிவக அதிகாரி.

முகவரி ஒரு நகைக்கடைக்குப் போனது. இணைத்த அன்றே, அதை யாருக்கும் சொல்வதற்கு முன்பே, கடையின் கணினிக்கு ஓர் அழைப்பு வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் வந்தது.

"யாருன்னே தெரியல முதலாளி," என்றார் கணினிப் பொறியாளர். "தடுத்துட்டேன். இனிமே வராது."