முச்சந்திக்கு அப்பால்

முன்வாசல் வழியாகத்தான் போவோம் என்று பெரியவர் மறுபடியும் சொன்னார்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் மகன் கிடந்தான். குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, பாடையில் வைத்தாயிற்று. குடிதண்ணீர் கேட்டு மறியலுக்குப் போன பிள்ளை. போலீஸ் சுட்டது.

தலைமாட்டில், மடங்காத வலது காலை நீட்டியபடி அவர் மனைவி. அழுது தீர்ந்த முகம்.

பின்வாசலில் வேன் காத்திருந்தது. சத்தமில்லாமல் சுடுகாடு போய்ச் சேர வேண்டும். அரசாங்கத்தின் விருப்பம் அது.

“நம்ம வீட்டுல எவனும் பின்வாசல் வழியாப் போனதில்ல. களவாண்டுட்டா போறோம்?”

டி.எஸ்.பி. சப்-கலெக்டரிடம் குனிந்தார். “கேட்டத் தொறந்தா கலவரம்தான் மேடம். வெளிய பூராம் இளவட்டப் பயலுவ. இன்னொருக்கா சுட வேண்டியது வரும்.”

சப்-கலெக்டர் சின்னப் பெண். மகனைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். பாடையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். வளையாத முதுகு.

“உங்க ஆளுங்க எல்லாரும் உள்ள வந்துரட்டும் சார். ஒரு லத்திகூட வெளிய தெரியக் கூடாது. ஐயாகூட நான் நடக்கறேன்.”

“சட்டம்னு ஒண்ணு இருக்கு மேடம்.”

“இருக்கட்டும். அதுவும் கூட நடந்து வரட்டும்.”

படியில் செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

கேட் திறந்தது.

வெயில்.

கொள்ளிச்சட்டிப் புகைக்குள் தெரு மெல்ல மிதந்தது. சாத்திய கடைகள். எரிந்துபோன பஸ்ஸின் நிழலில் ஒரு நாய் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் பையன்கள். கோஷம் போடத் திறந்த வாய்கள்.

காக்கி ஒன்றும் வரவில்லை. ஒரு கிழவர் வந்தார். பக்கத்தில் வெறுங்காலோடு ஒரு பெண். பின்னால் பாடை, வீட்டுப் பெண்கள்.

வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

சங்கு மட்டும் ஊதியது. தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. தாம் நடக்கிறோமா, தெருதான் நகர்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அது தம் ஊர் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

முச்சந்தி வந்தது.

பெண்கள் அழுது முடித்துத் திரும்ப வேண்டிய இடம். அவர் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அதைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போனதில்லை. போக விட்டதில்லை.

சப்-கலெக்டர் நின்றாள்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

சங்கு நின்றது. பையன்கள் நின்றார்கள். அவள் திரும்பிவிட்டால், குறுக்குத் தெருவில் கண்ணில் படாமல் இரைந்துகொண்டு நிற்கும் போலீஸ் லாரி வரும். அதற்காகவே பையன்கள் சிலர் காத்திருந்தார்கள்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அப்பா போன தெரு. தாத்தா போன தெரு. அவர்களும் எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

புகை கண்ணில் கரித்தது. துடைக்கவில்லை.

“அங்கிட்டு ரோடு பூராம் கல்லாக் கெடக்கு,” என்றார். “பாத்துக் கால் வைம்மா.”

அவள் கால் எடுத்து வைத்தாள்.

தெரு மறுபடி நகர்ந்தது.

சற்றுத் தூரம் போன பிறகுதான் அது காதில் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் இன்னொரு நடை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை. எத்தனையோ வருஷமாக வீட்டுக்குள் மட்டுமே கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நடையைக் கொஞ்சம் தளர்த்தினார்.