பின் சக்கரத்து நட்டு

"அத்தை, அந்த ஸ்பேனரைக் கீழே போடுங்க."

மாமியார் திடுக்கிட்டுத் திரும்பினாள். மருமகளின் மினி பைக்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்பேனர். அதன் வாயில் பின் பிரேக்கின் நட்டு. இன்னும் சரியாக விடியக்கூட இல்லை.

"நான்... சும்மா பார்த்தேம்மா."

"சும்மா பார்க்கிறதுக்கு எதுக்கு ஸ்பேனர்?"



மருமகளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் வெறும் வயிற்றோடு காத்துக்கொண்டிருப்பார்கள். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு வாசலில் நின்றாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பழைய மினி பைக்கை வாங்கினாள்.

வாங்கிய நாளிலிருந்தே பின் பிரேக் தகராறு. பிரேக்கை விட்டாலும் அது சக்கரத்தை விடாது. முக்கி முனகி ஓடும். நாலு தெரு தாண்டினால் சக்கரத்து நடுவிலிருக்கிற பிரேக் டிரம்மில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு.

மெக்கானிக் பார்த்தான். "இதோட மல்லுக்கட்ட முடியாது மேடம். தள்ளிவிட்டுடுங்க. உங்களுக்கெல்லாம் இது சரிப்படாது."

"எனக்கு எது சரிப்படும்னு நான் சொல்லிக்கிறேன்" என்று வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து, அவளே சக்கரத்தைக் கழற்றினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. டிரம்முக்குள் ஒரு கைப்பிடி கறுப்புத் தூசி. சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் ஷூவை விரிக்கும் கேம் என்ற இரும்புத் துண்டு துருவேறி, போன இடத்திலேயே நின்றுவிட்டது. உப்புத்தாளால் தேய்த்தாள். ஷூவில் படாமல், கேமுக்கு மட்டும் துளி கிரீஸ் வைத்தாள். தொய்ந்துபோன ஸ்பிரிங்கை எறிந்துவிட்டுப் புதிது மாட்டினாள். எல்லாம் பூட்டிச் சுற்றிவிட்டதும் சக்கரம் பம்பரமாகச் சுற்றியது.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? விழுந்து கிழுந்து வெச்சா யார் பார்க்கிறது?" மாமியார் முணுமுணுத்தாள்.

கணவன்தான் கை தட்டினான். "என் பொண்டாட்டின்னா சும்மாவா!" என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

திங்கள், செவ்வாய் வண்டி பறந்தது.

புதன்கிழமை நடு ரோட்டில் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் கீச்சிட்டு, ஒரு முழத் தூரத்தில் நின்றது. ஓரமாக இழுத்துப் போய்ப் பார்த்தாள். உள்ளே ஒரு கோளாறும் இல்லை. வெளியே, பிரேக்கை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கிற நட்டு நாலு சுற்று இறுகியிருந்தது. தானாக இறுகுமா நட்டு?

அன்று சாயங்காலம் நட்டின் மேல் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வண்டி ஓடியது. ஆனால் காலையில் பார்த்தால் கோடு இடம் மாறியிருந்தது. யாரோ கை வைக்கிறார்கள். வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

அதனால்தான் இன்று அரை மணி முன்னதாக எழுந்து வந்தாள். இதோ, கையும் களவுமாக மாமியார்.

"என்ன விடியறதுக்குள்ள சத்தம்?" கண்ணைக் கசக்கிக்கொண்டு கணவன் வந்தான்.

"உங்க அம்மாவைக் கேளுங்க! புதன்கிழமை நான் பஸ்ல மாட்டிப் போய்ச் சேர்ந்திருப்பேன். பிரேக்கை இறுக்குறது யாருன்னு இப்பத்தான் தெரியுது."

அவன் அம்மாவைப் பார்த்தான். ஸ்பேனரைப் பார்த்தான்.

"ஏம்மா இப்படி? பொம்பளைங்க முன்னேறணும்னு நான் ஊர் பூரா பேசிட்டிருக்கேன். என் வீட்டுக்குள்ளேயே இது நடக்கலாமா?"

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா, பதிலே வரல!" மருமகள் இடுப்பில் கை வைத்தாள். "அத்தை, நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க நூறு தடவை இறுக்கினாலும் நான் நூத்தியோரு தடவை தளர்த்துவேன். டிரம்மையே உடைச்சாலும் வேற வாங்கி மாட்டுவேன். இந்த வண்டியில ஏறுவேன், வேலைக்குப் போவேன். யாரும் நிறுத்த முடியாது."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"சரி சரி, விடும்மா." கணவன் அவள் தோளைத் தட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மாவை இந்த வயசுல மாத்த முடியுமா? தினமும் சண்டைதான் மிச்சம். பேசாம வண்டியை வித்துடு. கொஞ்ச நாள் வேலைக்கும் போக வேண்டாம். எனக்கு உன் உயிர்தான் முக்கியம்."

"விக்கிறதா?" மருமகள் நிமிர்ந்தாள்.

அவள் மேலே பேசுவதற்குள் மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டியை விக்கவும் வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம். பெத்த பாசத்துக்கு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அதுதான் என் தப்பு."

"அம்மா, நீ உள்ளே போ" என்றான் அவன் அவசரமாக.

"போக மாட்டேன்டா." மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "தினமும் நீ தூங்கினதும் இவன் வந்து இறுக்கிட்டுப் போறான்மா. நீ எழுந்திருக்கிறதுக்குள்ள நான் வந்து தளர்த்திட்டுப் போவேன். புதன்கிழமை ஒரு நாள்தான் அசந்து தூங்கிட்டேன்."