பின்னால் வருபவருக்கு

பனிப்புயலில் நெடுஞ்சாலை அசையாமல் நின்று ஒன்பது மணி நேரமாகிவிட்டது. மதியம் முன் காரிலிருந்த முதியவர் வந்து கண்ணாடியைத் தட்டி, ஓர் ஏற்பாடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தக் குளிரில் தூங்கினால் எழும்ப மாட்டோம். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் பிரேக்கை இரண்டு தடவை மிதிப்பார். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, எனக்குப் பின்னால் நிற்பவருக்காக நான் மிதிக்க வேண்டும். அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

இருட்டியதும் என் மனைவி வதனி, "பாவம் அந்த மனுசன். இந்தத் தேத்தண்ணியைக் குடுத்திட்டு வாங்கோவன்" என்றாள். கோப்பையோடு இறங்கினேன்.

முழங்கால் ஆழப் பனியில் நடந்து அவர் காரை நெருங்கியபோது விளக்கு இரண்டு தடவை எரிந்தது. கண்ணாடியில் படிந்திருந்த பனியை வழித்துவிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. சீட் பெல்ட் மட்டும் மாட்டியபடி இருந்தது.

"வதனி!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன். உள்விளக்கின் வெளிச்சத்தில் அவள் ஏதோ சொல்லிச் சிரித்தபடி, நான் இருந்த இருக்கையின் பக்கம் இன்னொரு கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த இருக்கையிலும் ஒருவரும் இல்லை; சீட் பெல்ட் மட்டும் மாட்டியபடி இருந்தது. எங்கள் காருக்குப் பின்னால் பனி இரண்டு தடவை சிவந்தது.