காதில் விழக் கூடாத இடம்

எங்கள் முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். மத்தியப் படை அதிகாரி ராகவேந்திரன் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியில், உள்ளூர் இன்ஸ்பெக்டர் தங்கவேலு கதவோரத்து ஸ்டூலில், நானும் மனைவி பரிமளாவும் கட்டிலில். எங்கள் மகள் செண்பகத்தை முந்தாநாள் எவனோ கடத்திப் போயிருந்தான்.

ராகவேந்திரன் அவளுடைய செல்போனை என்னிடம் கொடுத்தார். செல்போன் காணாமல் போனால் தேடுவது மத்தியப் படையின் அதிகாரம்.

"எங்க சார் இருந்துச்சு?"

"உங்க பொண்ணு கையிலதான்."

"அப்ப அவ?"

"ஆளை மீட்கறது மாநில போலீஸ் வேலை. நாங்க தொட்டா சட்ட மீறல். பழைய சர்க்கரை ஆலைக் குடோன்ல இருக்கா. நீங்களா போயிடாதீங்க, துப்பாக்கி வச்சிருக்கான்."

திரும்பினால் ஸ்டூல் காலி. தங்கவேலு வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். ஓடினேன்.

"சார், சர்க்கரை..."

"ஐயோ, வாயைத் திறக்காதீங்க! அவங்க கண்டுபிடிச்சதை நான் காதால கேட்டா கேஸ் நிக்காது. உங்க புகாரா தபால்ல அனுப்புங்க. நாளைக்கு மத்தியானம் வந்துடும், உடனே கிளம்பிடறேன்."

"சோறுதானேடா திங்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று என் பின்னாலேயே வந்த பரிமளா அவர் காலடியில் காறித் துப்பினாள். அவர் ஒதுங்கி நின்று, சட்டைப் பையிலிருந்து தபால்தலை ஒன்றை எடுத்து நீட்டினார். இதற்காகவே வைத்திருப்பாராம்.

குடோனுக்குப் போகும் வழியைத் தெளிவாக எழுதினேன். உறையை ஒட்டி, மேலே தங்கவேலுவின் பெயரை எழுதி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனைத் தபால் பெட்டிக்குள் போட்டேன்.